பிரஷர் கிளினிக்கும் நாடிச் சுவரும்

உயர் குருதியமுக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் உடம்பில் எந்த வேதனையும் இராது. மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தப் பக்கத்தில், மிளகுக் கொடி ஏறிய வீட்டுத் தோட்டங்களிலிருந்தும் மலைச்சரிவுகளில் உள்ள லயங்களிலிருந்தும் மாதக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதல் நாளில் சொல்வது இதுதான்: “ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க டொக்டர், மெசின்லதான் கூடக் காட்டுது.” அவர்கள் சொல்வது உண்மை. மெசினில் இலக்கம் ஏறுவதற்குப் பல காலம் முன்பே பலருக்கு நாடிச் சுவரின் உட்பக்கம் கெடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கேடு வலிப்பதில்லை. அங்கே நடப்பதில் ஒரு பெரும் பங்கு ஒட்சிசனுடையது. ஒட்சிசன் மூலக்கூறு ஓர் இலத்திரனைக் கூடுதலாகப் பெற்றுச் சுப்பரொட்சைட்டாக மாறும்போது, நாடியைத் தளர்த்தி வைத்திருக்கும் நைத்திரிக் ஒட்சைட்டை அது அழித்துவிடுகிறது. உடம்பின் சொந்தக் காப்பு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு இது பெருகுவதைத்தான் ஒட்சியேற்றத் தகைப்பு என்கிறார்கள். கிளினிக் கொப்பியில் இந்தச் சொல்லை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அங்கே எழுதப்படும் மருந்துகளில் பலவற்றுக்கு இதனோடு தொடர்பு உண்டு.

1980களில் இந்தப் பகுதிகளில் பிரஷர் பார்ப்பதென்றால் இரசம் ஏறி இறங்கும் பெட்டி மெசின்தான். தோட்டங்களில் அதுவும் டிஸ்பென்சர் ஐயா ஒருவரின் கையில் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்த காலம் அது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் தொடங்கியது. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுப்பதே டிஸ்பென்சரியின் நாளாந்த வேலை. தலைசுற்றி விழுந்தவருக்கோ, வாய் ஒரு பக்கம் கோணிப் போனவருக்கோதான் பிரஷர் பார்க்கப்பட்டது. கையிருப்பில் மெதில்டோபா, ஐதரோகுளோரோதயசைட்டு, புரொப்பிரனலோல் போன்ற சில மருந்துகளே இருந்தன.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றை இன்றைய இளம் வைத்தியர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். மேல் இலக்கம் 200ஐத் தாண்டி ஒருவர் வந்தால், நிபெடிப்பின் கப்சியூலை ஊசியால் குத்தி நாக்கின் கீழே விடுவார்கள். இது இலங்கையில் மட்டும் இருந்த வழக்கமல்ல, உலகெங்கும் இருந்தது. சிறிது நேரத்தில் இலக்கம் மளமளவென்று இறங்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் சிலருக்கு அதே மணித்தியாலத்தில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. பல ஆண்டுகளாக உயர்ந்த அமுக்கத்துக்குப் பழகித் தடித்துப்போன நாடியில் அமுக்கத்தைத் திடீரென இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் குருதி போதாமல் போகும். 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இந்த வழக்கத்தை நிறுத்தும்படி கோரும் கட்டுரை வந்தது. அதன் பிறகு அது மெல்ல மறைந்தது. இலக்கத்தை மட்டுமே பார்த்து, சுவரை மறந்த மருத்துவம் அது.

சுவரைப் பற்றிய அறிவு வேறொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1969இல் மக்கோர்ட், ஃப்ரிடோவிச் என்ற இரு அமெரிக்க உயிர்இரசாயனவியலாளர்கள் சுப்பரொட்சைட்டை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நொதியத்தை உடம்பில் கண்டுபிடித்தார்கள். அழிப்பதற்கென்றே ஒரு நொதியம் இருக்கிறதென்றால், அழிக்கப்பட வேண்டிய பொருளும் உயிருள்ள கலங்களில் ஓயாமல் உண்டாகிறது என்பது அதன் பொருள். நாடிக்கும் இதற்கும் உள்ள உறவு அப்போது யாருக்கும் தெரியாது.

1980இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ரொபர்ட் ஃபர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துச் செய்த பரிசோதனை அந்த வழியைத் திறந்தது. அசெற்றைல்கோலின் என்ற பொருள் சில துண்டுகளைத் தளர்த்தியது, சிலவற்றைத் தளர்த்தவில்லை. வேறுபாடு துண்டு வெட்டப்பட்ட விதத்தில் இருந்தது. உட்பக்கத்து ஒற்றைப் படையான அகவணி உரசப்படாமல் தப்பிய துண்டுகள் மட்டுமே தளர்ந்தன. அதுவரை வெறும் உறையென்று கருதப்பட்ட அந்தப் படைதான் நாடியைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருளை வெளியிடுகிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது 1987 அளவில் உறுதியானது. ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இலண்டனில் இதே வேலையைச் செய்த சல்வடோர் மொன்காடாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாதது இத்துறையில் பலருக்கு இன்றும் மனக்குறைதான். அவருடைய குழு 1986இலேயே இன்னொரு செய்தியையும் சொல்லியிருந்தது: நாடியைத் தளர்த்தும் அந்தப் பொருளைச் சுப்பரொட்சைட்டு அழிக்கிறது, சுப்பரொட்சைட்டை அகற்றினால் அது கூடுதல் நேரம் நிலைத்து நிற்கிறது.

நைத்திரிக் ஒட்சைட்டும் சுப்பரொட்சைட்டும் சந்திக்கும்போது பேரொட்சிநைத்திரைற்று என்ற இன்னொரு பொருள் உண்டாகிறது. இதனால் நட்டம் இரட்டிப்பாகிறது: நாடியைத் தளர்த்தும் வாயு தீர்ந்துபோகிறது, அதன் இடத்தில் புரதங்களையும் கொழுப்புகளையும் சிதைக்கும் ஒரு நஞ்சு வந்து நிற்கிறது. இந்தத் தாக்கத்தின் வேகம் அசாதாரணமானது. இரு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று சந்தித்தாலே போதும், தாக்கம் முடிந்துவிடும். பின்னால் வரும் விற்றமின் குளிசைகளின் கதை ஏன் ஏமாற்றத்தில் முடிந்தது என்பதற்கு விடை இந்த வேகத்திலேயே இருக்கிறது.

சுப்பரொட்சைட்டு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முக்கியமான விடை அமெரிக்காவின் அட்லாண்டாவில் கிடைத்தது. நாடிச் சுவரின் தசைக் கலங்களில் அஞ்சியோடென்சின் 2 என்ற ஓமோன் ஒரு நொதியத்தைத் தூண்டிச் சுப்பரொட்சைட்டை உண்டாக்குகிறது என்று 1994இல் கதி கிரீன்ட்லிங்கின் குழு காட்டியது. கிருமிகளைக் கொல்வதற்காக வெண்குருதிக் கலங்களில் இருக்கும் நொதியத்தின் உறவுக்கார நொதியம் அது. நொக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் அதே அட்லாண்டாவில் டேவிட் ஹரிசனின் குழு செய்த பரிசோதனை இன்னும் கூர்மையானது. ஒரு தொகுதி எலிகளுக்கு அஞ்சியோடென்சினைச் செலுத்தி அமுக்கத்தை ஏற்றினார்கள். இன்னொரு தொகுதிக்கு நோரட்றினலினைச் செலுத்தி அதே அளவுக்கு ஏற்றினார்கள். முதல் தொகுதியின் நாடியில் சுப்பரொட்சைட்டு பெருகியது, இரண்டாவதில் பெருகவில்லை. மெசினில் இரண்டு தொகுதிக்கும் ஒரே இலக்கம்தான். சுவரில் நடந்தது வேறு வேறு.

பிறகு வந்த ஆண்டுகளில் படம் சிக்கலானது. நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்க வேண்டிய நொதியத்துக்கு ஒரு துணைப்பொருள் தேவை. ஒட்சியேற்றத்தால் அது தீர்ந்துபோனால், அதே நொதியம் தடம் மாறித் தானே சுப்பரொட்சைட்டை ஆக்கத் தொடங்குகிறது. உப்பாலும் ஓமோனாலும் அமுக்கம் ஏற்றப்பட்ட எலிகளில் இதை 2003இல் ஹரிசனின் குழு காட்டியது. 2007இல் அதே குழுவிலிருந்து வந்த ஆய்வு, நோய்த்தடுப்பின் ரி கலங்கள் இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அஞ்சியோடென்சின் கொடுத்தாலும் அமுக்கம் அவ்வளவாக ஏறவில்லை என்று காட்டியது. அழற்சியும் ஒட்சியேற்றமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. எது முதலில் தொடங்குகிறது என்று கேட்டால் நோயாளிக்கு நோயாளி விடை மாறக்கூடும். அமுக்கம் ஏறியதால் சுவர் கெடுவதும் உண்டு, சுவர் கெட்டதால் அமுக்கம் ஏறுவதும் உண்டு. ஒட்சியேற்றத் தகைப்பே உயர் குருதியமுக்கத்தின் ஒரே மூலகாரணம் என்று எழுதுகிற நூல்கள் ஆய்வுகள் சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன.

சிறுநீரகத்தின் பங்கைக் கிளினிக்கில் சோற்றுக் கோப்பையிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சுப்பரொட்சைட்டு கூடினால் உப்பு வெளியே போகாமல் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதிக்குப் போகும் குருதியும் குறைகிறது. உப்பு மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகத்திலேயே நொக்ஸ் நொதியம் கூடியிருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. ஆக, உப்பு உப்பைப் பிடித்து வைக்கிறது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு.

“உப்பு குறைச்சுத்தாங்க போடுறேன்” என்று சொல்லாதவர் கிடையாது. கறிச் சட்டியில் போடும் உப்பைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். ரொட்டி மாவில் சேரும் உப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை. கட்டசம்பலில் மாசியோடு வருவதும், நெத்தலிக் கருவாட்டில் ஊறியிருப்பதும், சோறு வடிக்கும்போது பானையில் போடுவதும் அப்படியே. கடலிலிருந்து தள்ளி இருக்கும் மாத்தளை மலைப்பகுதிக் குடும்பங்களுக்குக் கருவாடுதான் கைக்கெட்டும் மீன். அதை நிறுத்தச் சொன்னால் கேட்கவும் மாட்டார்கள், கேட்கும்படி சொல்வதும் நியாயமில்லை. நீண்ட நேரம் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தரம் மாற்றி, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கச் சொன்னால் வீட்டில் நடக்கும். “உப்பைக் குறை” என்று கொப்பியில் எழுதிக் கொடுப்பதைவிட, சமைக்கிறவரிடம் ஒவ்வொரு கறியாகக் கேட்டுப் பேசுவதில் பலன் கூட என்பது இந்தக் கிளினிக்குகளில் நீண்டகாலம் நின்ற எல்லாருக்கும் தெரியும். சமைப்பவர் மருமகளாக இருந்து, கிளினிக்குக்கு மாமியார் மட்டும் வந்தால், அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

புகை இன்னொரு வழி. சிகரெட்டோ பீடியோ, ஒவ்வொரு இழுப்பிலும் ஒட்சியேற்றும் மூலிகங்கள் கணக்கற்று உள்ளே போகின்றன. புகைப்பவரின் அகவணி மங்கிவிடுவதை அளந்தே காட்டலாம். விறகடுப்பின் புகையும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டையும் ஒரு களமாகக் கொண்டு நான்கு நாடுகளில் நடந்த ஹாப்பின் ஆய்வில், கர்ப்பிணிகளுக்கு விறகுக்குப் பதிலாக எரிவாயு அடுப்பு கொடுத்தும் அவர்களின் குருதியமுக்கம் குறையவில்லை. விறகுப் புகை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. நுரையீரலுக்கு அது செய்யும் கேடு தனி. ஆய்வுகூடத்தில் பொருந்திவரும் ஒரு விளக்கம் சமையலறையில் அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதைவிடப் பெரிய உதாரணம் விற்றமின் குளிசைகள். 1990களின் நடுப்பகுதியில் ஒட்சியேற்றக் கேட்டைப் பற்றிய செய்தி பத்திரிகைகளுக்கு வந்ததும் விற்றமின் ஈ, விற்றமின் சி, பீற்றா கரோட்டின் மூன்றும் இதயத்தின் காவலர்களாகிவிட்டன. நகரத்து மருந்துக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பச்சை நிறக் கப்சியூல்கள் வந்து உட்கார்ந்தன. மத்திய கிழக்கில் வேலைக்குப் போன மகள்கள் ஊருக்கு வரும்போது அம்மாவுக்கென்று போத்தல் போத்தலாக அவற்றைக் கொண்டுவந்தார்கள். கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் குளிசையை நாள் விட்டு நாள் போட்டு, காசு கொடுத்து வாங்கிய கப்சியூலை மட்டும் தவறாமல் விழுங்கியவர்கள் உண்டு. வெளிநாட்டுப் போத்தல் மீது இருந்த நம்பிக்கை அப்படி.

நம்பிக்கையைச் சோதித்தவை பெரிய ஆய்வுகள். 2000இல் வெளியான ஹோப் ஆய்வு இந்த விடயத்தில் தனிச்சிறப்பு வாய்ந்தது. கனடாவின் சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த அது, இதயநோய் ஆபத்துக் கூடிய 9,500க்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளை ஒரே தடவையில் கேட்டது: விற்றமின் ஈ உதவுமா? அஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் ரமிப்பிரில் உதவுமா? ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ரமிப்பிரில் எடுத்தவர்களில் அது 14 வீதம், எடுக்காதவர்களில் 17.8 வீதம். விற்றமின் ஈ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையில் பயன் எதுவும் தெரியவில்லை. தொடர்ந்து நீட்டிப் பார்த்ததில், விற்றமின் ஈ எடுத்தவர்களில் இதயச் செயலிழப்புச் சற்றுக் கூடியிருந்தது என்று 2005இல் அதே குழு அறிவித்தது. 2002இல் பிரித்தானியாவில் 20,536 பேரிடம் மூன்று விற்றமின்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பலன் பூச்சியம். விற்றமின் சி பற்றிய குறுகிய கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது மேல் இலக்கம் 4 அளவுக்கு இறங்குவதாகத் தெரிகிறது. ஆனால் அவை சில வாரங்கள் நடந்த சிறிய ஆய்வுகள். அதைவிட, விற்றமின் சியையும் திராட்சை விதைச் சாற்றையும் சேர்த்துக் கொடுத்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில் அமுக்கம் ஏறியே போனது.

ஏன் பலிக்கவில்லை? சுப்பரொட்சைட்டை நைத்திரிக் ஒட்சைட்டு பிடிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் விற்றமின் சி பல்லாயிரம் மடங்கு பின்தங்கியது. அது அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. விற்றமின் ஈ கொழுப்பில் கரைவது. அது கலத்தின் மென்சவ்வில் தங்கியிருக்கிறது, கேடோ வேறிடத்தில் நடக்கிறது. மேலும், ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவை கலங்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்கள். எல்லாவற்றையும் துடைத்தெறிவது உடம்புக்கு நல்லது என்று சொல்வதற்கில்லை. நொக்ஸ் நொதியங்களிலேயே நான்காவது வகை நாடியைக் காப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. லயத்துத் தகரக் கூரை ஒழுகினால் கீழே எத்தனை சட்டி வைத்தாலும் போதாது, ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும். ரமிப்பிரில் செய்ததும் அதுதான், சுப்பரொட்சைட்டு உண்டாகும் இடத்துக்கே அது போனது.

கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கில் இந்த வேறுபாட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தில் நஞ்சுக்கொடியில் ஒட்சியேற்றத் தகைப்புக் கூடுவது நன்கு நிறுவப்பட்டது. அதனால் பிரித்தானியாவில் ஆபத்துக் கூடிய ஏறத்தாழ 2,400 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் விற்றமின் சியும் 400 அலகு விற்றமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவு: நோய் தடுக்கப்படவில்லை, எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. நம் தாய்மார் கிளினிக்கில் இரும்புச் சத்தோடு கொடுக்கும் விற்றமின் சி இதனோடு சேர்த்தியல்ல. அது சிறிய அளவு. இரும்பு குடலில் உறிஞ்சப்படுவதற்காகக் கொடுப்பது. கல்சியம் கொடுப்பதற்குத் தனிக் காரணம் உண்டு, அதற்கு ஆதாரமும் உண்டு. பிரஷர் கூடிய தாய்க்குக் கடையில் வாங்கி விற்றமின் ஈ கொடுக்கும் உறவினரைத்தான் நிறுத்த வேண்டும்.

இன்று கிளினிக் கொப்பியில் அடிக்கடி காணப்படும் எனலப்பிரில், லொசாட்டன் இரண்டும் அஞ்சியோடென்சினின் வழியை மறிப்பவை. எனலப்பிரிலால் வரட்டு இருமல் வருகிறவர்களுக்கு லொசாட்டன் மாற்றப்படுகிறது. இவை நொக்ஸைத் தூண்டும் ஓமோனையே கட்டுப்படுத்துவதால் ஒட்சியேற்றத் தகைப்புக்கு எதிரான மருந்து என்றும் இவற்றைச் சொல்லலாம். இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. 33,000க்கு மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஓல்ஹாட் ஆய்வில், குளோர்தாலிடோன் என்ற பழைய மலிவான சிறுநீர்ப்பெருக்கி மாரடைப்பைத் தடுப்பதில் புதிய மருந்துகளுக்குச் சற்றும் பின்னிற்கவில்லை. அமுக்கம் இறங்கினால், எந்த வழியில் இறங்கினாலும், சுவருக்கு நன்மைதான். நீரிழிவும் சிறுநீரில் புரதமும் உள்ளவர்களுக்கு மட்டும் லொசாட்டன் வகைக்குத் தெளிவான முன்னுரிமை உண்டு.

இலங்கையில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னொரு விதமாகக் காட்டியது. 700 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ரெல்மிசாட்டன், அம்லோடிப்பின், குளோர்தாலிடோன் மூன்றையும் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை. மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் குளிசைக்காரர்களில் 70 வீதம் பேரும் மற்றவர்களில் 55 வீதம் பேரும் இலக்கை எட்டினார்கள். ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, மூன்று வழிகளைச் சிறிது சிறிதாக மறிப்பது பலன் தருகிறது. இலங்கைக் கிராமங்களையும் சேர்த்து மூன்று நாடுகளில் நடந்து 2020இல் வெளியான கோப்ரா ஆய்வில், அரச சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் அளந்து பேசியதால் மேல் இலக்கம் வழக்கமான கவனிப்பைவிட 5 அளவுக்குக் கூடுதலாக இறங்கியது. விற்றமின் ஈ ஒருபோதும் தராத பலன் அது.

கிளினிக் நாள் காலையில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் இலக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். முதல் பஸ்ஸில் வந்தவர்கள் கொப்பியைக் கொடுத்து இலக்கம் எடுத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். சீனி பார்ப்பதற்காக வெறும் வயிற்றில் வந்திருப்பார்கள். வெறும் வயிற்றில் வா என்று சொன்னால், காலைக் குளிசையையும் போடக்கூடாது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முந்தின நாள் காலையில் போட்டது போய் 24 மணித்தியாலம் கடந்திருக்கும். மலைப்பாதையில் இறங்கி பஸ் பிடித்த களைப்பு வேறு. சிலர் வாயில் வெற்றிலை, பாக்கு, புகையிலையை அடக்கிக்கொண்டே கையை நீட்டுவார்கள். 170க்கு 100 என்று காட்டும். அந்த இலக்கத்தை நம்பி மருந்தைக் கூட்டினால், வீட்டில் ஒழுங்காகக் குளிசை போடும் மற்ற நாள்களில் அவர் கட்டிலிலிருந்து எழும்போதே தலைசுற்றி விழுவார். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சிறிது நேரம் சாய்ந்து உட்கார வைத்து, கையை மேசையில் வைத்து இரண்டாம் தரம் அளப்பது இதனால்தான். “குளிசை போட்டீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், “இன்னைக்குக் காலையில என்ன நேரம் போட்டீங்க?” என்று கேட்டால்தான் உண்மை வரும்.

மருந்து தொடர்ந்து கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டின. 2020இல் ஊரடங்கு வந்தபோது கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. அது ஓரளவு நன்றாகவே நடந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே மருந்து தட்டுப்பட்டது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. நாட்கூலிக் குடும்பத்துக்கு அந்தத் துண்டு அரிசிக்கும் குளிசைக்கும் இடையிலான தெரிவாக இருந்தது. மருந்தைப் பொதுப்பெயரில் மலிவாக வாங்கி நாடு முழுவதற்கும் கொடுக்கலாம் என்று பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்துக் காட்டிய நாடு இது. அந்த ஏற்பாடு தளரும்போது முதலில் அடிபடுவது மலையில் இருக்கிறவர்கள்தான்.

உணவின் வழியாகவும் சுவரைக் காக்க முடியும் என்பதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் கப்சியூல் வடிவில் அல்ல. 1997இல் வெளியான டாஷ் ஆய்வில் காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் நிறைந்த உணவை எட்டு வாரம் கொடுத்தபோது, உயர் குருதியமுக்கம் உள்ளவர்களின் மேல் இலக்கம் 11 அளவுக்கு இறங்கியது. கீரைகளில் இருக்கும் நைத்திரேற்றை வாயில் வாழும் பற்றீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, உடம்பு அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கிக்கொள்கிறது; அகவணி கெட்டவருக்கு இது இன்னொரு வாசல். காலையில் இலைக்கஞ்சி குடிக்கும் வழக்கமும், வல்லாரைச் சம்பலும், பொன்னாங்காணியும், முருங்கையிலையும் யட்டவத்தப் பக்கத்து வேலியோரங்களிலேயே கிடைக்கின்றன. கஞ்சியில் உப்பைக் கொட்டாமல் இருந்தால் போதும். மாத்தளை கொக்கோ விளையும் மாவட்டம் என்பதால் கொக்கோவைப் பற்றியும் கேட்கிறார்கள். அதிலுள்ள ஃபிளவனோல்கள் நைத்திரிக் ஒட்சைட்டைக் கூட்டுவது உண்மை. கறுப்புச் சொக்கலேற்று சிறிதளவு அமுக்கத்தை இறக்கியதாக 2007இல் ஜேர்மன் ஆய்வொன்று சொன்னது. 21,000க்கு மேற்பட்டவர்களிடம் கொக்கோச் சாற்றுக் கப்சியூலைச் சோதித்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இதயநோய்கள் மொத்தமாகக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. கடையில் விற்கும் சொக்கலேற்றில் ஃபிளவனோலைவிடச் சீனிதான் கூட.

நொக்ஸ் நொதியத்தையே நேரடியாக மறிக்கும் மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. உயர் குருதியமுக்கத்துக்கான சிகிச்சையாக எதுவும் இன்னும் கிளினிக்குக்கு வரவில்லை. மனித நாடியில் இருக்கும் ஐந்தாவது வகை நொக்ஸ் எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் இல்லவே இல்லை. எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒருவருடைய ஒட்சியேற்றத் தகைப்பைக் கிளினிக்கில் அளந்து சொல்லும் எளிய கருவியும் இல்லை. சிறுநீரில் ஐசோபுரொஸ்ரேன் என்ற பொருளை அளப்பது ஆராய்ச்சிகூட வேலையாகவே இருக்கிறது.

உப்பின் பக்கத்தில் மட்டும் கையில் ஒரு புதிய கருவி இருக்கிறது. சோடியத்தின் ஒரு பங்கைப் பொற்றாசியத்தால் மாற்றிய உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. பக்கவாதம் 14 வீதம் குறைந்தது. சமையலை மாற்றாமல் உப்பை மட்டும் மாற்றும் இந்த வழி கருவாட்டுக் குடும்பங்களுக்குப் பொருத்தமானது. ஆனால் லொசாட்டனும் எனலப்பிரிலும் உடம்பில் பொற்றாசியத்தைப் பிடித்து வைப்பவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்தும் அளவுக்கு ஏறலாம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவ போன்ற இடங்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அங்கிருந்து யட்டவத்தப் பக்கம் வந்து குடியேறியவர்களோ, பல ஆண்டு நீரிழிவு உள்ளவர்களோ கேட்டால், குருதியில் கிரியற்றினினையும் பொற்றாசியத்தையும் பார்த்த பிறகே அந்த உப்பை வாங்கச் சொல்லலாம்.